வாயில் வைத்த சொல்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஏதோ ஒரு பதிலின் நடுவே ‘கைப்பேசி என்ற பாசிஃபையர்’ என்று எழுதிவிட்டு, அதை விளக்காமல் கடந்துபோய்விட்டேன். ஒரு சொல்லுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. சந்தி இலக்கணம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குத் தந்த ஆங்கிலக் கட்டுரையில், ஒரு வீட்டில் கைப்பேசிதான் பாசிஃபையராக இருக்கிறது என்று ஒரு வாக்கியம் வந்தது. அகராதியைப் பார்த்து, ‘அந்த வீட்டில் கைப்பேசிதான் அமைதியாக்கி’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறினேன்? (கல்லூரி மாணவி)

பதில்: அகராதியின் மீது தவறில்லை அம்மா. அது சொல்லின் வேரைக் காட்டியது. பொருளை உன் கையில் வைக்கவில்லை. ‘அமைதியாக்கி’ என்று படித்திருந்தால் நான்கூட ஏதோ இயந்திரத்தின் இரைச்சலைக் குறைக்கும் கருவி என்றுதான் நினைத்திருப்பேன்.

பாசிஃபையர் என்பது கைக்குழந்தை சப்புவதற்குக் கொடுக்கும் ரப்பர் அல்லது சிலிக்கோன் காம்பு. காம்பு வாய்க்குள் முழுவதுமாகப் போய்விடாமல் தடுக்க ஒரு தகடு, பிடித்து இழுக்க ஒரு வளையம். இந்த மூன்று உறுப்புகளும் சேர்ந்த வடிவத்துக்கு 1900இல் அமெரிக்காவில் கிறிஸ்டியன் மைனெக்கே என்பவர் வடிவக் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த பெயர் ‘பேபி கம்ஃபர்ட்டர்’. அமெரிக்கர்கள் நாளடைவில் பாசிஃபையர் என்ற பெயரில் நிலைத்துவிட்டார்கள். இந்தப் பகுதியில் நான் அதைச் சூப்பான் என்றே எழுதப்போகிறேன். சூப்புவதற்கு உள்ளது சூப்பான். இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சூப்பானைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்கவேண்டிய செய்தி ஒன்றுதான்: அதிலிருந்து பால் வராது.

என் பேத்தி நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு மாலை முழுவதும் என் மடியில் கிடந்தாள். வாயில் சூப்பான். தகடு மேலும் கீழும் ஆடும். ஏழெட்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஏழெட்டு இழுப்பு. தூக்கம் வர வர நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் உதடு தளர்ந்து, சூப்பான் நழுவி என் சட்டைப் பைக்குள் விழுந்தது. அது போன பிறகும் வெறும் வாய் இரண்டு முறை காற்றை உறிஞ்சியது. ஒரு மணி நேரம் கழித்துப் பசியோடு விழித்தாள். நான் அதே சூப்பானை எடுத்துக் கழுவி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இரண்டு இழுப்பு. நிறுத்தினாள். புருவத்தைச் சுருக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அச்சுக்கு முன் பிழை திருத்தும் மெய்ப்பு வேலையில் ஐம்பது ஆண்டுகள் இருந்தேன்; எந்தப் பதிப்பாசிரியரும் என் மெய்ப்பை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த கணம் சூப்பான் ஒரு பக்கம் போனது, அழுகை வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

ஆங்கிலத்தில் உருவகமாக வரும் பாசிஃபையர் முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. யாரோ எதற்கோ அழுகிறார்கள். அழுகைக்குக் காரணமான பொருளைக் கொடுக்காமல், அழுகையை மட்டும் நிறுத்தும் ஒன்றைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. சம்பள உயர்வு கேட்டவருக்குப் பெரிய பதவிப் பெயரை மட்டும் நீட்டினால் அது பாசிஃபையர். குறை கேட்கக் குழு அமைத்து அதன் அறிக்கையை அலமாரியில் வைத்தால் அதுவும் அதுவே. சொல்கிறவரின் குரலில் சிறு ஏளனம் எப்போதும் இருக்கும். உன் ‘அமைதியாக்கி’யில் அந்த ஏளனம் காணாமல் போய்விட்டது, கைப்பேசி ஏதோ நல்ல காரியம் செய்வது போல ஆகிவிட்டது. ஆசிரியர் போட்ட கேள்விக்குறி அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

நான் எப்படி எழுதுவேன்? பெயர்ச்சொல்லைத் தேடி அலையமாட்டேன். ‘அந்த வீட்டில் கைப்பேசியைக் கொடுத்துத்தான் குழந்தைக்குப் போக்குக் காட்டுகிறார்கள்’ என்று வினையாக எழுதிவிடுவேன். போக்குக் காட்டுதல் என்ற சொல்லை நன்றாகக் கவனி. அழுகிற குழந்தையின் கவனத்தை வேறொன்றில் திருப்புவதும் அதுதான், கடன் கொடுத்தவருக்கு இன்று நாளை என்று சொல்லிக் காலம் கடத்துவதும் அதுதான். நேர்ப்பொருளும் உருவகமும் ஒரே கூரையின் கீழ் வசிக்கும் சொல் கையில் இருக்கும்போது, ‘ஆக்கி’ சேர்த்துப் புதிய சொல் செய்வானேன்?

கேள்வி: கண்துடைப்பு என்று எழுதினால் என்ன? (அதே மாணவியின் தோழி என்று சொல்லிக்கொள்பவர்)

பதில்: பல இடங்களில் பொருந்தும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை வேறுபாடு உண்டு. கண்துடைப்பு பார்க்கிறவர்களுக்காகச் செய்யப்படுவது. நடவடிக்கை எடுத்ததுபோலக் காட்டினால் போதும், அழுதவர் தொடர்ந்து அழுதாலும் செய்தவர் கவலைப்படமாட்டார். சூப்பான் அழுகிறவரின் வாய்க்காகவே செய்யப்படுவது. அவர் வாய் மூடவில்லை என்றால் அது தோற்ற சூப்பான். கட்டுரையில் எது நடக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியச் செய்தி ஒன்றில், கூட்டத்தில் தோற்றுப்போன ஓர் அரசியல்வாதி ‘டம்மியைத் துப்பினார்’ என்று படித்தேன். பொம்மையை எதற்காகத் துப்பவேண்டும்? (நெடுநாள் வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் என் பழைய புண்ணைக் கிளறிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலேய நாவலின் தமிழாக்கத்துக்கு நான் மெய்ப்புப் பார்த்தேன். அதில் ‘குழந்தை தன் பொம்மையைக் கம்பளத்தின் மேல் துப்பியது’ என்று ஒரு வரி. பொம்மைக்கு ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்; இருந்தது. மேலே போய்விட்டேன். புத்தகம் வெளிவந்த மாதமே ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார்: ‘அவ்வளவு பெரிய பொம்மை அந்தக் குழந்தையின் வாய்க்குள் எப்படிப் போனது என்று தெரிவிக்கவும்.’ பதிப்பாளர் அந்த அட்டையை என் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்துவிட்டார். நான் வேலையை விடும்வரை அது அங்கேயே இருந்தது.

அமெரிக்கர் பாசிஃபையர் என்பதை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் டம்மி என்பார்கள். இந்தச் சொல்லின் பயணம் மற்றதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் ‘டம்’ என்றால் பேச்சற்றவர். அதன் வாலில் ஓர் இகரம் ஒட்டி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் டம்மி என்றால் வாய்பேசாதவர் என்றே பொருள். அங்கிருந்து சீட்டாட்ட மேசைக்குப் போனது: பிரிட்ஜ் ஆட்டத்தில் தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்க விரித்து வைத்துவிட்டு, அந்தச் சுற்று முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பவர் டம்மி. பிறகு துணிக்கடையின் ஆளுயர உருவம், குரல்மாற்றுக் கலைஞரின் மடியில் உட்காரும் பொம்மை, மோதல் சோதனைக்காகக் காரில் கட்டிவைக்கும் உருவம். ஆளைப்போல இருக்கும், ஆள் இல்லை. பிறகு பொருள் இன்னும் விரிந்து, அசல்போல இருந்து அசலின் வேலையைச் செய்யாத எதுவும் டம்மி ஆயிற்று. பால் வராத காம்பு அந்த வரிசையில் வந்து நின்றதில் வியப்பே இல்லை. ஊமைக் காம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அரசியல்வாதி. குழந்தை எப்போது சூப்பானைத் துப்பும்? வாய்விட்டுக் கத்துவதற்கு முந்தைய கணத்தில். அதனால் ஆஸ்திரேலியர்கள், பெரியவர் ஒருவர் நினைத்தது நடக்காமல் குழந்தைபோல முரண்டு பிடித்தால் ‘டம்மியைத் துப்பினார்’ என்கிறார்கள். தமிழில் துப்பவேண்டாம். ‘முறுக்கிக்கொண்டு எழுந்து போனார்’ என்றால் போதும். பிரிட்டனில் இதையே குழந்தையின் தள்ளுவண்டியிலிருந்து பொம்மைகளை வீசி எறிவதாகச் சொல்வார்கள். அங்கே மட்டும் உண்மையிலேயே பொம்மைதான், அஞ்சலட்டை எழுதவேண்டாம்.

ரக்பி வர்ணனையிலும் டம்மி வரும். பந்தைத் தோழருக்கு எறிவதுபோலக் கையை நீட்டி, எதிராளி அந்தப் பக்கம் பாய்ந்ததும் பந்தோடு இந்தப் பக்கம் ஓடுவதை ‘டம்மி விற்றார்’ என்பார்கள். நம் விளையாட்டுப் பக்கங்களில் இதற்கு என்ன எழுதுகிறோம்? எதிரணிக்குப் போக்குக் காட்டினார்! முதல் பதிலில் குழந்தைக்குப் பயன்பட்ட அதே சொல். ஆங்கிலம் ரப்பர்க் காம்பையும் ரக்பி ஏமாற்றையும் ஒரு சொல்லில் சேர்த்தது போலவே தமிழும் தன் வழியில் போய்ச் சேர்த்து வைத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேள்வி: நாம் ‘டம்மி பதவி’ என்று எழுதுவதும் இந்த டம்மியா?

பதில்: அதன் ஒன்றுவிட்ட சகோதரன். அசல்போல இருக்கும், அதிகாரம் இருக்காது என்ற பொருளில் வந்தது. சப்பும் டம்மி தமிழுக்கு வந்து குடியேறவில்லை. அதனால்தான் நான் பொம்மையில் வழுக்கி விழுந்தேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மருமகள் ‘சூதர்’ என்கிறாள். சூது என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டா? குழந்தையை ஏமாற்றுவதுதானே? (ஒரு பாட்டி)

பதில்: உறவு இல்லை அம்மா. ஆனால் நீங்கள் எதிர்பாராத இன்னோர் உறவு இருக்கிறது, கேளுங்கள். கனடாவில் சூப்பானுக்குச் சூதர் என்பதே வழக்கு. இதன் வினைச்சொல்லான ‘சூத்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உண்மை என்று நிறுவு’ என்று பொருள். அதற்கு வேரான பெயர்ச்சொல் உண்மையைக் குறித்தது. சமஸ்கிருதத்தின் சத்யம் என்ற சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. ஆகவே நாம் ‘சத்தியமாகச் சொல்கிறேன்’ என்று சொல்லும்போது வரும் சொல்லுக்கும் உங்கள் மருமகள் கொதிநீரில் போட்டு எடுக்கும் சூதருக்கும் தூரத்து இரத்தத் தொடர்பு உண்டு.

உண்மை எப்படி ரப்பரானது என்று கேட்பீர்கள். படிப்படியாகத்தான். முதலில் ஒருவர் சொன்னதை உண்மை என்று நிறுவுவது. பிறகு, நிறுவாமலே ‘ஆமாம் ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி’ என்று தலையாட்டுவது. அடுத்து, அப்படித் தலையாட்டி ஒருவரைக் குளிர்விப்பது, முகத்துதி செய்வது. அதற்கும் அடுத்த படியில் கோபத்தையும் வலியையும் தணிப்பது. உண்மையில் புறப்பட்ட வினை முகத்துதி வழியாக ஆறுதலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மாமியார்களும் மருமகள்களும் தினமும் நடக்கும் பாதைதான் இது, உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

இதே சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஒரு கொடிய பொருளும் உலவியது. 1849 முதல் அமெரிக்காவில் ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ என்ற மருந்து விற்றார்கள். பல் முளைக்கும் குழந்தையின் அழுகையைத் தணிக்கும் என்பது விளம்பரம். தணித்தது, ஏனென்றால் அதில் மார்ஃபின் இருந்தது. விழிக்காமலே போன குழந்தைகள் உண்டு. 1906இல் வந்த சட்டம் இத்தகைய சரக்குகளின் புட்டியில் உள்ளதை வெளியே எழுதச் சொன்னது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் வெளியிட்டது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரப்பர்க் காம்பு சாது. ரப்பருக்கு முன்பு துணி முடிச்சுதான். ஓவியர் ட்யூரர் 1506இல் வரைந்த மரியாள் ஓவியத்தில் குழந்தை இயேசுவின் கையில் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. இடது கைமேல் உட்கார்ந்த குருவியைப் பார்க்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்கலாமா, கூடாதா?

பதில்: சொல்லைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்; இதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர்களே இதில் நகர்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1989ஆம் ஆண்டு அறிவுரை, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சூப்பான் கொடுக்கவே கூடாது என்றது. 2018இல் அதைத் திருத்தி, அதன் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களோ, தாய்ப்பால் பழக்கம் நன்றாக நிலைத்த பிறகு, தூங்கவைக்கும்போது கொடுக்கலாம் என்கிறார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணம் குறைவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டதே காரணம். கயிறு கட்டிக் கழுத்தில் மட்டும் மாட்டாதீர்கள்.

கேள்வி: பாசிஃபையருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் தொடர்பு உண்டா? (பள்ளி மாணவன்)

பதில்: உண்டு தம்பி. இரண்டிலும் இருப்பது அமைதியைக் குறிக்கும் லத்தீன் சொல். 1520இல் மகெல்லன் தென் அமெரிக்காவின் முனையில் நீரிணையைக் கடந்து வந்தபோது எதிரே கடல் அலையடங்கிக் கிடந்தது. அமைதிக் கடல் என்று பெயரிட்டார். சூறாவளி அடிக்கும் நாளில் வந்திருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் எல்லாரும் கடலைப்போல் நல்லவர்கள் இல்லை. ‘பாசிஃபிகேஷன்’ என்று ஒரு மூத்த உறவினர் இருக்கிறார். வியட்நாம் போரில் கிராமங்களைப் படைபலத்தால் அடக்கி வைத்ததற்கு அமெரிக்க அரசு கொடுத்த பெயர் அது. 1873இல் வந்த கோல்ட் கைத்துப்பாக்கிக்கு ‘சமாதானம் செய்பவன்’ என்ற பொருளில் பெயர் உண்டு. பத்து அணுகுண்டுகளைச் சுமக்கக்கூடிய அமெரிக்க ஏவுகணை ஒன்றுக்கு ‘பீஸ்கீப்பர்’, அதாவது அமைதி காப்பவன் என்று பெயர் இருந்தது. எனவே ‘பாசிஃபை’ என்ற வினையைக் கண்டால், அமைதியானவர் அழுகையை நிறுத்தினாரா, மூச்சை நிறுத்தினாரா என்று பார்த்துவிட்டு மொழிபெயர்.

கேள்வி: ஆங்கில நாளேடுகள் தேர்தல் சலுகைகளை ‘சாப்’ என்கின்றன. அதுவும் சூப்பான்தானா?

பதில்: நெருங்கிய இனம், ஆனால் இதைத் தின்னலாம். சாப் என்பது பாலிலோ ஒயினிலோ நனைத்த ரொட்டித் துண்டு. லத்தீன் கவி வெர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தில், பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாய்க்கு மயக்க மருந்தும் தேனும் கலந்த பண்டத்தை வீசிவிட்டு உள்ளே போகிறார்கள். அதிலிருந்து, தொந்தரவு செய்யக்கூடியவருக்கு எறியும் துண்டுக்கு இந்தப் பெயர் வந்தது. வாக்காளரை எந்த விலங்காக நினைத்து இந்தச் சொல் உருவானது என்பதை நாளேட்டுக்காரர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: உலகில் எந்த மொழி இதற்கு நேர்மையாகப் பெயர் வைத்திருக்கிறது?

பதில்: டச்சு. அவர்கள் சொல் ‘ஃபொப்ஸ்பேன்’. ஸ்பேன் என்றால் காம்பு, ஃபொப் என்றால் ஏமாற்று. ஏமாற்றுக் காம்பு! குழந்தைக்கு டச்சு தெரியாதவரை சிக்கல் இல்லை. ஸ்பானியரும் ஜப்பானியரும் நம் சூப்பானைப்போலச் சப்புதல் என்ற வினையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: பாசிஃபை என்பதற்குத் தமிழில் ஒரே சொல் கொடுங்கள் என்றால் எதைக் கொடுப்பீர்கள்?

பதில்: சமாதானம். குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம், நாடுகள் சமாதானம் செய்துகொள்கின்றன, வேலைக்குத் தாமதமாக வந்தவன் ‘ஏதோ சமாதானம் சொல்கிறான்’. மூன்றாவது பயன்பாட்டில் ஏளனம் வந்துவிட்டது பாருங்கள். நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஏளனத்தைத்தான்.

கேள்வி: நீங்கள் மெய்ப்புப் பார்த்த ஒரு பழைய நூலில் ‘கம்ஃபர்ட்டர்’ என்பது கழுத்துத் துணி என்று வந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அது தடித்த போர்வை என்கிறான். நீங்களோ மைனெக்கே சூப்பானுக்கு வைத்த பெயர் என்கிறீர்கள். ஆலயத்தில் வாசிக்கும்போது அது பரிசுத்த ஆவி. எதை நம்புவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: நான்கையும். பழைய பிரிட்டிஷ் வழக்கில் கம்பளிக் கழுத்துத் துணி, அமெரிக்காவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, இரண்டு நாட்டிலும் ஒரு காலத்தில் சூப்பான். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் யோவான் 14ஆம் அதிகாரத்தில் வருவது பரிசுத்த ஆவி. தமிழில் அதைத் தேற்றரவாளன் என்று அழகாக மொழிபெயர்த்துவிட்டார்கள். லத்தீனில் இதன் வேருக்கு வலுவூட்டுதல் என்று பொருள். அந்தப் பொருள் தேற்றரவாளனிடம் இருக்கிறது, சூப்பானிடம் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பொம்மைக் கதை நினைவுக்கு வந்து வயிறு கலங்கியது. பரணிலிருந்து அந்த நூலை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். ஒரு கிழவர் பனியில் வெளியே கிளம்புகிறார். கதவருகே நின்று கம்ஃபர்ட்டரை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மேலங்கிக்குள் செருகிக்கொள்கிறார். கழுத்துத் துணிதான்.